வாண்ணா, வாங்கண்ணா, வாங்க சார்

காலையில் மாதனூர் நெடுஞ்சாலை ஓரம் வந்து நிற்கிற ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம், “கொஞ்சம் நில்லுண்ணா, பின்னால ஒரு பொண்ணு ஓடி வருது” என்கிறார். சீட்டில் இருக்கும் தோழியிடம், “தள்ளி ஒக்காருடி.” வயதில் மூத்த ஒருவர் ஏறியதும், “வாக்கா, இங்க வா.” போனில் கணவரிடம், “ஏங்க, அடுப்ப நிறுத்தினீங்களா?” கம்பெனி வாசலில் சூப்பர்வைசரைக் கண்டதும், “வாங்க சார்.” சாயங்காலம் கடையில், “பாய், மீதி சில்லறை குடுங்க பாய்.”

ஒரே ஆள், ஒரே நாள். எதிரே இருந்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒருவர்தான். ஆனால் சிலருக்கு ஒருமை, சிலருக்குப் பன்மை. ஒருமையிலும் ‘டி’ ஒரு வகை, ‘க்கா’ இன்னொரு வகை. எதை யாருக்குப் போடுவது என்று அவர் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை, தவறுவதும் இல்லை. பள்ளிக்கூட இலக்கணம் முன்னிலை ஒருமை ‘நீ’, பன்மை ‘நீங்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. மிச்சக் கணக்கு முழுவதையும் அவர் அம்மா மடியிலும் தெருவிலுமாகக் கற்றுக்கொண்டார். மொழியியல்காரர்கள் அறுபது வருடங்களுக்கும் மேலாக விடுவிக்கப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

மாதனூரை உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி இருக்கிற ஊர். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் மூன்று மொழிகள் ஒரே தெருவில் புழங்குகின்றன. தமிழோடு, தோல் வியாபாரக் குடும்பங்கள் பலவற்றில் பேசப்படும் உருது. சித்தூர்ப் பக்கம் எல்லை என்பதால் தெலுங்கு. மூன்றிலும் மரியாதைப் படிக்கட்டு இருக்கிறது. தமிழில் நீ, நீங்க. தெலுங்கில் நுவ்வு, மீரு. உருதுவில் தூ, தும், ஆப்.

இந்தப் படிக்கட்டுகளை மூன்று மொழிகளும் கட்டிய விதத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. முதல் படிக்கு மூன்றும் பன்மையை எடுத்துக்கொண்டன. நீங்கள், மீரு, தும் மூன்றுமே ஆதியில் பலரைக் குறித்த சொற்கள். அந்தப் படி பழகித் தேய்ந்தபோது அதற்கும் மேலே ஒன்று தேவைப்பட்டது. அப்போது மூன்றும் போய் நின்ற இடம் ‘தான்’ என்ற சொல். நம் கடிதங்களில் வரும் ‘தாங்கள்’ அதிலிருந்து வந்தது. தெலுங்கில் மிகுந்த பணிவோடு சொல்லும் ‘தமரு’வும் அதே வேரிலிருந்து வந்தது. உருதுவின் ‘ஆப்’ சமஸ்கிருத ‘ஆத்மன்’ தேய்ந்து வந்தது. அதற்கும் தான், தன்னை என்றே பொருள். தமிழும் தெலுங்கும் ஒரு குடும்பம் என்பதால் அவை ஒத்துப்போவதில் வியப்பில்லை. உருது முற்றிலும் வேறு குடும்பம். அதுவும் இதே வழியில் வந்ததென்றால் மனித மனதில் ஏதோ ஒரு வாய்க்கால் இருக்க வேண்டும்.

அந்த வாய்க்கால் எது என்பதற்கு ஓரளவு விடை உண்டு. ‘நீ’ என்பது விரலை நீட்டி நெஞ்சைத் தொடுகிற சொல். உயர்ந்தவர், அந்நியர், பயப்பட வேண்டியவர் என்று நினைப்பவர்மேல் விரல் நீட்டக் கூச்சம். பன்மையில் சொன்னால் குறி கலைந்துபோகிறது, ஒரு கூட்டத்தை நோக்கிப் பொதுவாகச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. ‘தாங்கள்’ என்றால் விரலே எதிராளி பக்கம் இல்லை. பிரெஞ்சின் ‘வூ’, துருக்கியின் ‘சிஸ்’, ரஷ்ய ‘வி’ எல்லாம் இப்படிப் பன்மையைக் கடன் வாங்கியவைதான்.

எல்லா மொழிகளும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. யோஹன்னஸ் ஹெல்ம்பிரெக்ட் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் உலக மொழி அமைப்பு வரைபடத்துக்காக 207 மொழிகளை எடுத்துப் பார்த்தார். 136 மொழிகளில் முன்னிலைப் பெயரில் மரியாதை வேறுபாடே இல்லை. 49 மொழிகளில் இரண்டு படி. 15 மொழிகளில் அதற்கு மேல். மீதி 7 மொழிகள் மரியாதை கருதி ‘நீ’ போன்ற சொல்லையே தவிர்க்கிறவை. ஜப்பானிய மொழி, தாய் மொழி போன்றவை இந்த வகை. ஆகவே பஸ்ஸில் அந்தப் பெண் செய்கிற வேலை உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட மொழிகளில் இந்த வடிவில் தேவையே இல்லாத வேலை. அங்கேயும் மரியாதை உண்டு. பிரதிப்பெயர் அதைச் சுமப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும். 1960இல் வந்த அவர்கள் கட்டுரை இரண்டு அளவுகோல்களை வைத்தது. ஒன்று அதிகாரம்: மேலே இருப்பவர் கீழே ‘நீ’யை அனுப்புவார், கீழிருந்து மேலே ‘நீங்கள்’ போகும். இன்னொன்று நெருக்கம்: நெருங்கியவர்கள் இருவரும் ‘நீ’, நெருங்காதவர்கள் இருவரும் ‘நீங்கள்’. ஐரோப்பாவில் முதல் அளவுகோல் தளர்ந்து இரண்டாவது தலையெடுத்துவருகிறது என்பது அவர்கள் கணிப்பு. இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம், சொல் எது என்பதைவிட அது திரும்பி வருகிறதா என்பதே. போன ‘நீ’ அப்படியே திரும்பி வந்தால் சிநேகம். திரும்பி வராத ‘நீ’ வேறு சமாச்சாரம். அதைப் பிறகு பார்க்கலாம்.

இந்த இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொண்டு வட ஆற்காட்டுக்கு வந்தால் கொஞ்சம் திண்டாட வேண்டியிருக்கும். கொங்குப் பக்கத்தார் நம் வேலூர்ப் பேச்சையும் சென்னைப் பேச்சையும் கேட்டுவிட்டு மரியாதை தெரியாத ஊர் என்பார்கள். அவர்கள் ஊரில் “வாங்கண்ணா” என்பது இங்கே “வாண்ணா”. “வாங்கம்மா” என்பது இங்கே “வாம்மா”. பெரியவரைப் பார்த்து “வா நைனா, இன்னா இந்தப் பக்கம்?” என்றால் வெளியூர்க்காரர் திடுக்கிடுவார், பெரியவர் திடுக்கிட மாட்டார். ஏனென்றால் இந்த வட்டாரத்தில் மரியாதைச் சுமையை வினைச்சொல்லின் வாலிலிருந்து இறக்கி, அண்ணா, அக்கா, நைனா என்ற உறவுச்சொல்லின் தலையில் ஏற்றிவிட்டார்கள். ‘வா’ நெருக்கத்தைச் சொல்கிறது, ‘அண்ணா’ மூப்பைச் சொல்கிறது. ஒரே மூச்சில் இரண்டும். பிரெஞ்சுக்காரருக்கு ‘தூ’, ‘வூ’ என்ற இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். நெருக்கத்தையும் மரியாதையையும் ஒருசேர வைக்க அந்தப் பெயர்ச்சொற்களில் இடமில்லை. என்னைக் கேட்டால், “வாண்ணா” மரியாதைக் குறைவு இல்லை, கெட்டிக்காரத்தனம்.

தையல் மெஷின் வரிசைகளில் இதன் பயன் நன்றாகத் தெரியும். சூப்பர்வைசருக்கு வயது இருபத்தைந்து, மெஷினில் இருப்பவருக்கு நாற்பது என்று வையுங்கள். பதவி ஒரு பக்கம் இழுக்கிறது, வயது மறுபக்கம் இழுக்கிறது. “அக்கா, அந்த பீஸ எடுத்துக் குடுக்கா” என்பார் அவர். ‘குடு’ பதவியின் குரல், ‘அக்கா’ வயதுக்கான கும்பிடு. பதிலுக்கு அக்கா “இந்தாங்க சார்” என்பார். அதில் வயது காணாமல் போய்விட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

தமிழின் உண்மையான விசித்திரம் இதுவுமல்ல. ‘ங்க’ என்ற அந்தக் குட்டி ஒட்டுதான். “அவரு நேத்தே வந்தாரு” என்று நண்பரிடம் சொல்வதையே பெரியவரிடம் சொன்னால் “அவரு நேத்தே வந்தாருங்க.” இந்த வாக்கியத்தில் வந்தவர் ஒருவர், அவருக்குரிய ‘ஆரு’ விகுதி வந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவருக்கும் அந்தச் செய்திக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர் எழுவாய் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. ஆனாலும் வினைச்சொல்லின் நுனியில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டாயிற்று. “நான் சாப்பிட்டேங்க” என்பதில் ‘ஏன்’ எனக்கு, ‘ங்க’ உங்களுக்கு.

இது வெறும் ‘டா’, ‘டி’ மாதிரி விளிச்சொல்தானே என்று தோன்றும். அப்படி இல்லை என்பதைக் காட்ட ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தைக் கேள்வியாக்கிப் பாருங்கள். “வந்தாராடா?” என்போம். முதலில் ‘வந்தாரு’, அப்புறம் கேள்வி ‘ஆ’, கடைசியில் ‘டா’. ஆக ‘டா’ வாசலுக்கு வெளியே நிற்கிறது. பெரியவரிடம் கேட்கும்போதோ “வந்தாருங்களா?” என்கிறோம். இங்கே ‘ங்க’ கேள்வி ‘ஆ’வுக்கு முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ‘வந்தாருடாவா’ என்று எந்தத் தமிழ் வாயும் சொல்லாது. கேட்பவரின் தகுதிக்கு ஏற்பத் தமிழ் வினைச்சொல் தன் உருவத்தையே மாற்றிக்கொள்கிறது என்று தாமஸ் மெக்ஃபேடன் என்ற மொழியியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய வாதங்களில் இந்த இட வரிசைக்கு முக்கியப் பங்கு உண்டு. இப்படிச் செய்யும் மொழிகள் உலகில் அதிகம் இல்லை. ஸ்பெயினும் பிரான்சும் சேருமிடத்தில் பேசப்படும் பாஸ்க், பீகாரின் மைதிலி, மகஹி, ஜப்பானியம் ஆகியவை இந்தப் பட்டியலில் வருகிறவை. பாஸ்க்கில் கதை தலைகீழ்: அங்கே நெருங்கியவரிடம் பேசும்போதுதான் இந்த ஒட்டு வரும், கேட்பவர் ஆணா பெண்ணா என்பதையும் காட்டும். நம் ‘டா’, ‘டி’ செய்கிற வேலையை அங்கே வினைச்சொல்லே செய்துவிடுகிறது. தெலுங்கு பேசும் வீடுகளில் நம் ‘ஆமாங்க’ இருக்கும் இடத்தில் ‘அவுனண்டி’ நிற்கிறது. மனைவி கணவரைக் கூப்பிடும் ‘ஏங்க’, அங்கே ‘ஏமண்டி’.

தேர்ந்தெடுக்கவே முடியாத நிலைமைகளும் வரும். பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து “டேய்” என்று கூப்பிட்டவன் இன்று அதே கம்பெனிக்கு மேனேஜராக வந்து நிற்கிறான். ‘நீ’ என்றால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், ‘நீங்க’ என்றால் அவனே திரும்பிப் பார்ப்பான். தமிழர் இதற்கும் ஒரு சந்து வைத்திருக்கிறார். “டீ குடிச்சாச்சா?” “எப்ப ஊருக்குப் போறது?” “சாப்பாடு ஆச்சா?” குடித்தது யார், போவது யார் என்று இந்த வாக்கியங்கள் சொல்வதே இல்லை. ‘ஆச்சு’ என்ற ஒன்றை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசிவிடலாம். புதிதாகக் கல்யாணமானவர்களும் இதில் தேர்ந்தவர்கள். இன்னொரு சந்து, எதிரே நிற்பவரையே படர்க்கையாக்கிவிடுவது. “சார் எப்ப கிளம்புறாரு?” “அண்ணனுக்கு ஒரு டீ.” ஜப்பானியரும் தாய்லாந்துக்காரரும் அன்றாடம் எடுக்கும் வழியை நாம் அவசரத்துக்கு எடுக்கிறோம்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது? தொல்காப்பியர் காலத்திலேயே ஒருவரைப் பன்மையில் சொல்வது நடந்துகொண்டிருந்தது. சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் அவர் அதைக் குறிக்கிறார். வழக்கில் உயர்வு கருதி அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் இலக்கணப்படி அது முறையல்ல என்பது அவர் தீர்ப்பு. ஏற்கவும் மனமில்லை, மறுக்கவும் வழியில்லை! ஜனங்கள் இலக்கணத்துக்குக் காத்திருக்கவில்லை. புறநானூற்றுப் புலவர்கள் அரசனையே நேருக்கு நேர் ‘நீ’ என்றார்கள். பின்னால் பன்மையாக இருந்த ‘நீர்’ ஒருவருக்கான மரியாதைச் சொல்லாகி, அதுவும் போதாமல் ‘கள்’ ஏறிய ‘நீங்கள்’ அந்த இடத்தைப் பிடித்தது. தள்ளப்பட்ட ‘நீர்’ முழுக்க மறையவில்லை. திருநெல்வேலியில் ‘நீரு’ என்றும், யாழ்ப்பாணத்தில் ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் நடுப்படியாகவும் இருக்கிறது.

கடவுளை எப்படிக் கூப்பிடுவது என்பதில் தோல் வட்டாரத்தின் மூன்று மதங்களும் சுவாரசியமாகப் பிரிகின்றன. கோயிலில் முருகனும் அம்மனும் ‘நீ’. உருதுத் தொழுகையாளருக்கு அல்லா ‘தூ’, இருப்பதிலேயே தாழ்ந்த படி. எல்லாருக்கும் மேலே இருப்பவருக்குக் கீழ்ப்படிச் சொல்! அதிகார அளவுகோலை மட்டும் வைத்திருந்தால் இது புரியாது, நெருக்கத்தைச் சேர்த்தால் புரியும். அப்பா ‘நீங்க’, அம்மா ‘நீ’ என்று பல வீடுகளில் இருப்பதும் இதனால்தான். தமிழ் விவிலியம் மட்டும் தனி வழி போனது. அங்கே ஆண்டவர் ‘நீர்’. ஜெபத்தில் ‘உம்முடைய’, ‘தேவரீர்’. பேச்சிலிருந்து விலகிய நடுப்படிச் சொல் தேவாலயத்தில் குடியேறி, இன்றும் ஞாயிறுதோறும் ஒலிக்கிறது.

பெண்களுக்கு ஒரு படி குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆணைப் பற்றிப் பேச அவன், அவரு, அவங்க என்று மூன்று. மதுரை, கோவைப் பக்கம் ‘வந்தாப்ல’ என்று இடையில் இன்னொன்றும் செருகியிருக்கிறார்கள். பெண்ணைப் பற்றிப் பேச அவ, அவங்க, இரண்டே. எழுத்தில் ‘அவர்’ இருபாலுக்கும் பொது. பேச்சில் ‘அவரு’ ஆணுக்கு மட்டும். சக பணியாளரான பெண்ணை நடுத்தரமாகக் குறிப்பிடத் தமிழ்ப் பேச்சில் சொல் இல்லை.

திரும்பி வராத ‘நீ’க்கு வருவோம். 1970களில் ஸ்டீஃபன் லெவின்சன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, எந்தச் சாதியார் எந்தச் சாதியாருக்கு ‘நீ’ கொடுக்கிறார்கள், யாரிடமிருந்து ‘நீங்க’ வாங்குகிறார்கள் என்று கட்டம் போட்டுக் குறித்தார். மானிடவியலாளர்கள் அதுவரை யார் கையால் யார் சோறு வாங்குவார் என்று பார்த்துச் சாதி வரிசையைக் கண்டார்கள். ‘நீ’ என்ற ஓரெழுத்துச் சொல்லை வைத்தே அதே வரிசையைக் காணலாம் என்று ஆனது. அவரும் பெனலோப் பிரவுனும் சேர்ந்து எழுதிய பணிவு பற்றிய ஆய்வு 1978இல் முதலில் வந்து 1987இல் தனி நூலானது. மொழியியல் மாணவர்கள் உலகெங்கும் படிக்கும் நூல். ஆங்கிலம், மெக்சிகோ மலைவாழ் மக்களின் ட்செல்டால், கொங்குத் தமிழ் மூன்றும் அதன் கால்கள். ஆக, பணிவு என்றால் என்ன என்று உலகம் கற்றுக்கொண்டதில் ஒரு பங்கு நம்மூர்ச் சேரிக்கும் ஊருக்கும் இடையில் கேட்ட பேச்சிலிருந்து போனது.

அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பேரன் பேத்தி எடுத்த கூலித் தொழிலாளியை, அரைக்கால் சட்டை போட்ட பையன் “ஏய், இங்க வா” என்று கூப்பிட்டதும், அவர் “வந்தேன் சாமி” என்று ஓடியதும் நம் கிராமங்களின் இலக்கணம். வயது, நெருக்கம், பதவி என்று மேலே சொன்ன எல்லா அளவுகோலையும் சாதி ஒரே வீச்சில் அழித்துவிடும். தோலைத் தொடுகிற வேலையே தாழ்ந்தது என்று ஒதுக்கி, அதைச் செய்தவர்களை ஒருமையில் நிறுத்திய நாடு இது. அதே தோல் ஷூவாகி ஜெர்மனிக்குப் போகிறது. அங்கே கடைக்காரர் அதை வாங்க வருகிற முன்பின் தெரியாத எவருக்கும், அவர் துப்புரவுப் பணியாளரே ஆனாலும், ‘ஸீ’ என்ற மரியாதைச் சொல்லைத்தான் போடுவார். அவரும் கடைக்காரருக்கு அதையே திருப்பித் தருவார். கம்பெனிகள் வந்ததில் நல்லது ஒன்று உண்டு. அடையாள அட்டையும் பதவிப்பெயரும் சாதியைக் கொஞ்சம் மறைக்கின்றன. ஆனாலும் கூட்டுகிறவரையும் சாக்கடை அள்ளுகிறவரையும் ‘நீங்க’ எட்டுவது கடைசியில்தான்.

சட்டம் போட்டு மாற்ற முடியுமா? பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் எல்லாரும் எல்லாரையும் ‘தூ’ என்றே அழைக்க வேண்டும் என்றார்கள். சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. ஸ்வீடனில் நிலைத்தது. அங்கே ‘நீ’ என்றே ஒலிக்கும் ஒரு மரியாதைப் பன்மை இருந்தும் அதைச் சொன்னால் மட்டம் தட்டுவதுபோல் ஆகிவிட்டதால், “டாக்டர் காபி குடிப்பாரா?” என்று எதிரே நிற்பவரையே படர்க்கையில் கேட்டுத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். 1967இல் அரசு மருத்துவத் துறைத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், தன் பணியாளர் எல்லாரையும் ‘டூ’ என்ற ஒருமையில் அழைக்கப்போவதாகவும் அவர்களும் தன்னை அப்படியே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். நாடு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. சில ஆண்டுகளில் மாற்றம் முடிந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் எளியது: ரெக்செட் தனக்கு வரவேண்டியதை முதலில் விட்டுக்கொடுத்தார்.

பக்கத்துக் கேரளத்தில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி. 2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், காவலர்கள் பொதுமக்களை ‘எடா’, ‘எடி’, ‘நீ’ என்று விளிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பும்படி காவல்துறைத் தலைவருக்கு உத்தரவிட்டது. அதே சமயம் பாலக்காட்டு மாத்தூர் ஊராட்சி (நம் மாதனூர் அல்ல) தன் அலுவலகத்தில் யாரும் யாரையும் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்க வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. முன்னது மேலிருந்து கீழே போகும் ‘நீ’யை நிறுத்தப் பார்த்தது, பின்னது கீழிருந்து மேலே போகும் ‘சாரை’. இரண்டும் ஒரே ஒருவழிப் பாதையின் இரண்டு முனைகள்.

லெவின்சன் போட்ட கட்டத்தைப் போட உங்களுக்கு ஒரு தாள் போதும். உங்கள் வீடு, தெரு, வேலையிடத்தில் தினமும் பேசுகிற ஆட்களை இடப்பக்கமும் மேலேயும் எழுதுங்கள். யார் யாருக்கு ‘நீ’, யார் யாருக்கு ‘நீங்க’ என்று நிரப்புங்கள். உங்களிடமிருந்து ‘நீ’ வாங்கிக்கொண்டு ‘நீங்க’ திருப்பித் தருகிறவர்களின் பெயரை வட்டமிடுங்கள். அந்த வட்டங்களுக்குள் உங்களைவிட வயதில் மூத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.